மூடிய கதவுக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் அம்மா ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருடி, மஞ்சளா வருது. உங்க ஆபீஸ்ல சொல்லி என்னன்னு பாக்கச் சொல்லு."

நான் தண்ணீர்ப் பரிசோதனைத் துறையில் இருப்பதாகத்தான் வீட்டில் நினைப்பு. எங்கள் வண்டிகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். நோய்க்கிருமியை ஆயுதமாக எடுப்பவர்களைத் தேடிப் பிடிக்கவும், அவர்கள் கிளப்பிவிட்டதை அடக்கவும் அரசாங்கம் பொறுக்கியெடுத்த கொஞ்சம் பேர் நாங்கள். வெளியே பெயர் கிடையாது. எங்களுக்குள் 'பிரிவு' என்போம். முதலில் போய் இடத்தை வளைக்கிற குழு என் பொறுப்பில் இருக்கிறது.

தம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "குழாய்த் துரும்மா" என்றேன். அம்மாவுக்கு ஏமாற்றம். இதைச் சொல்லவா இத்தனை வருஷம் படித்தாய் என்று ஒரு பார்வை.

பிப்ரவரி 9, ஞாயிறு

குட்டியும் மாஸ்டரும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். குட்டி என் தங்கை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் எனக்கு அவள் குட்டிதான். மாஸ்டர் அவள் கணவர், நகராட்சிக் குளத்தில் நீச்சல் சொல்லித்தருகிறவர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிடுவதால் அவளும் அப்படியே கூப்பிடுகிறாள்.

ஆள் வந்தால் கூடம் சின்னதாகிவிடும். அப்படி ஒரு தோள், அப்படி ஒரு சிரிப்பு. "தண்ணியக்கா, நீங்க தண்ணிய சோதிக்கிறீங்க, நான் தண்ணிலயே ஊறிக் கிடக்கேன். நாம ரெண்டு பேரும் ஒரே டிபார்ட்மென்ட். எனக்கு மட்டும் ஏன் ஜீப் தரல?"

"துண்டு தந்திருக்காங்கல்ல, போதும்" என்றாள் குட்டி.

அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, மாஸ்டர்தான் முதுகில் தட்டினார். என் வீட்டில் அப்பா போன பிறகு இப்படிச் சத்தம் கேட்டது இந்த மனுஷன் வந்த பிறகுதான்.

பிப்ரவரி 10, திங்கள்

பயிற்சி. பாதுகாப்பு உடையைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி முழங்கை தேய்ந்துவிட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில் ஏறிவிட்டது. வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன், அப்போதாவது எனக்குப் புரிகிறதா என்று.

நேற்று முற்பகல் பிரிவுக்குத் தொலைபேசி வந்தது. ஒரு ஆண் குரல். எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் பெயரைச் சொன்னான். ஏ.சி. குழாயில் கிருமியைத் திறந்துவிட்டாயிற்று என்றான். என்ன கிருமி என்பதையும் சொன்னான். அந்தப் பெயரைக் கேட்டதும் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூச்சுக்காற்றில் ஆளுக்கு ஆள் தாவுவது. நுரையீரலில் போய் உட்காருவது. காய்ச்சல் வருமுன் மருந்து கொடுத்தால் பிழைக்கலாம். வந்த பிறகு என்றால் கஷ்டம்.

எனக்கு வேறொன்று கேட்டது. அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குட்டி வேலை பார்க்கிறாள். காப்பீட்டு அலுவலகம். கணக்குப் பிரிவு.

தலைவரிடம் சொன்னேன். "வேற யாரையாவது அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அனுப்பச் சொல்லியிருக்கலாம். "நானே போறேன் சார்" என்றேன். ஏன் சொன்னேன்? அவள் பக்கத்தில் இருக்கலாம் என்றா?

நாங்கள் போகும்போது உள்ளே யாருக்கும் விஷயம் தெரியாது. நான்கு வாசலையும் அடைத்தோம். ஏ.சி.யை நிறுத்தினோம். கட்டட வரைபடத்தில் எல்லா மாடிக்கும் கீழ்க்கூடத்துக்கும் ஒரே காற்றுக்குழாய் என்று இருந்தது. அதனால் கூடத்தில் நின்றவர்களும் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். ஒருத்தரும் வெளியே வரக் கூடாது. ஒருத்தர் வந்து பஸ் ஏறினால் ஊர் போச்சு.

போன் அடித்தது. குட்டி.

"அக்கா, எங்க கட்டடத்தைப் பூட்டிட்டாங்கக்கா. யாரோ வெள்ளையா உடுப்புப் போட்டுட்டு நிக்கிறாங்க."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கூட்டத்துக்கு நடுவில், காதில் போனோடு அவள் நிற்பது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு தலை உயரமாக மாஸ்டர். அவர் ஏன் இங்கே?

"அக்கா... இடுப்புல கை வச்சிட்டு நிக்கிறது நீயா?"

"நான்தான் குட்டி."

"நீ தண்ணி..."

"இல்ல. அப்புறம் சொல்றேன். பயப்படாத."

அவள் மூளை வேகமாக ஓடும். ஒரே மூச்சில் சொன்னாள்: "சரி, நான் இருக்கேன். இவரை மட்டும் விட்டுடுக்கா. காலைல கண்ணாடிய வீட்ல விட்டுட்டு வந்துட்டேன், எழுத்தே தெரியல, கொண்டு வாங்கன்னு நான்தான் கூப்பிட்டேன். இப்பதான் உள்ள வந்தார். மேல வரவே இல்ல. நான் கீழ இறங்கி வந்து வாங்கினேன், அவ்வளவுதான். வாசல்ல நிக்கிறவரு அவரு. விட்டுடுக்கா."

"முடியாதும்மா."

"உனக்கு முடியும். நீதானே அங்க பெரிய ஆளு மாதிரி நிக்கிறே."

"முடியாது."

அப்புறம் அவள் அழுதது கண்ணாடி வழியாகத் தெரிந்தது, போனில் கேட்டது. இரண்டும் ஒன்றாக. மாஸ்டர் போனை வாங்கினார். "விடுங்கக்கா, நான் சமாளிச்சுக்கறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க." அந்த மனுஷன் கையை உயர்த்தி எனக்கு ஆட்டினார். குளத்தின் அந்தக் கரையிலிருந்து ஆட்டுவது மாதிரி.

அதோடு நின்றிருந்தால்.

மேல்மாடிகளில் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தவர்களைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. படியில்தான் இறக்க வேண்டும். எங்களில் உடை போட்டு உள்ளே போக ஆறு பேர்தான். உள்ளே கால் முடியாதவர்கள் இருந்தார்கள், புழுக்கத்திலும் பயத்திலும் மயங்கிக் கிடந்தவர்கள் இருந்தார்கள். உள்ளேயே வலுவான ஆள் யாராவது வேண்டும் என்று குழு கேட்டது. நான் போனை எடுத்தேன்.

"மாஸ்டர், மேல போய்க் கொஞ்சம் பேரை இறக்கித் தர முடியுமா? முகமூடி அனுப்பறேன்."

"இதுக்கு என்னக்கா கேள்வி?"

நான் கூப்பிட்டேன். நான்.

பிப்ரவரி 15, சனி

மருந்து வந்துவிட்டது. போதுமான அளவு இல்லை. டாக்டர்கள் சொன்ன வரிசை: மேல்மாடிகளில் இருந்தவர்களுக்கு முதலில், கீழ்க்கூடத்தில் இருந்தவர்களுக்கு அடுத்த பெட்டி வந்ததும். குட்டிக்குக் கொடுத்தாயிற்று. மாஸ்டர் கூடத்துக்காரர் கணக்கில் வருகிறார். நாளைக்கு.

மேலே போனவர்களையும் முதல் வரிசையில் சேருங்கள் என்று கேட்டேன். டாக்டர், "முகமூடி போட்டிருந்தாங்கல்ல, அவங்களுக்கு நாளைக்குப் போதும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

பிற்பகலில் மாஸ்டர் கூப்பிட்டார். உற்சாகமாகத்தான் பேசினார். ஆட்களை இறக்கும்போது படியில் ஒருவருக்கு மூச்சே நின்றுவிட்டதாம், வாயோடு வாய் வைத்து ஊதிப் பிழைக்க வைத்தாராம்.

"முகமூடி?"

"முகமூடி போட்டுக்கிட்டு எப்படிக்கா ஊதறது?"

நீச்சல் குளத்தில் எத்தனை பேரை அப்படி எழுப்பியிருப்பார். அவருக்குக் கை தானாகப் போயிருக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாஸ்டருக்குக் காய்ச்சல். மருந்து வருமுன்பே.

பிப்ரவரி 18, செவ்வாய்

காய்ச்சல்காரர்களை எங்கள் மருத்துவமனைக்கு மாற்றிவிட்டோம். குட்டியும் மற்றவர்களும் அதே மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் தனித்தனி அறைகளில் இருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு தும்மல்கூட இல்லை.

மாஸ்டரைப் பார்க்க உடையோடு போனேன். படுக்கை அவருக்குக் குட்டை. கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு நர்ஸ் ஸ்டூலை வைத்து அதன்மேல் தலையணை வைத்திருந்தாள். மூச்சு விடுவதற்குத் தோள் முழுக்க வேலை செய்கிறது.

"ரொம்ப... ஆழமான இடம்க்கா" என்றார். சிரிக்கப் பார்த்தார்.

"பேசாதீங்க."

"குட்டிக்கிட்ட... நான் மேல போனது... நானாப் போனேன்னு சொல்லியிருக்கேன். நீங்க அதையே... வச்சுக்கங்க."

எனக்கு உடைக்குள் கண்ணைத் துடைக்க வழியில்லை. கண்ணீர் அப்படியே இறங்கிக் கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

அவனைப் பிடித்துவிட்டார்கள். ஏ.சி. பழுது பார்க்கிற ஆளாக உள்ளே போனவன். பஸ்ஸில் நமக்கு நகர்ந்து இடம் கொடுக்கிற மாதிரி ஒரு சாது முகம். விசாரணை அறையில் டீ கேட்டான். கொடுத்தார்கள். சூடு பத்தவில்லை என்றான்.

அரசாங்கம் இவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டுமாம், அதற்குத்தானாம். தலைவர், "அந்தக் கட்டடத்துல இருந்தவங்க உன்னை என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார்.

"அங்க யாரையும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க முடியாது."

உண்மையாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தும் செய்தேனே.

பிப்ரவரி 21, வெள்ளி

மாஸ்டர் போய்விட்டார். காலையில்.

பிப்ரவரி 22, சனி

குட்டியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "எங்க இருக்காரு?" என்று கேட்டாள். சொன்னேன். "பாக்கலாமா?" முடியாது என்றேன். "தொட வேணாம், தூரத்துல இருந்து?" முடியாது. பெட்டியை மூடியாயிற்று, திறக்கக் கூடாது. இந்த மாதத்தில் அவளிடம் எத்தனை முறை முடியாது என்று சொல்வது.

"பெட்டி பத்துச்சா அவருக்கு?" என்றாள். "கால் நீளம்."

இறந்தது மொத்தம் பதினோரு பேர். அந்தக் கட்டடத்துக்கு வெளியே ஒருத்தருக்கும் தொற்றவில்லை. தலைவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மந்திரி போனில் பாராட்டினார். என்ன பேசினார் என்று நினைவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

குட்டியை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். எங்கள் வீட்டுக்கு. தன் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள்.

வாசலில் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மாவுக்கு இப்போது தெரியும். குட்டியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 3, திங்கள்

என்மேல் கோபப்படுவாள் என்று காத்திருக்கிறேன். படவில்லை. என் படுக்கையில் வந்து, சின்னப் பிள்ளையில் செய்த மாதிரி, என் முதுகில் மூக்கை வைத்துப் படுத்துக்கொள்கிறாள்.

"நீ என்ன பண்ணுவேக்கா. உன் வேலை அது. நீ திறந்து விட்டிருந்தாலும் அவருக்கு உள்ள நுழைஞ்சப்பவே ஒட்டியிருக்கும். நம்ம எல்லாருக்கும் தொத்தியிருக்கும், அம்மாவுக்கும்." இதைச் சொல்லிவிட்டு, "நான்தான் கூப்பிட்டேன்" என்றாள். "ஒரு நாள் எழுத்து தெரியாட்டி என்ன செத்தா போயிடுவேன்? கூப்பிட்டுக் கொன்னுட்டேன்."

அப்படிச் சொல்லாதே என்று சொன்னேன். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடலாம் அதை.

மார்ச் 6, வியாழன்

சாப்பிடுவதில்லை. அம்மா ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். துப்புவதும் இல்லை, விழுங்குவதும் இல்லை. கண்ணாடி போட மாட்டேன் என்கிறாள். சுவரில் இடித்துக்கொண்டு நடக்கிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

ஆய்வுக்கூடத்து அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். எங்கள் பிரிவில் என்னைவிட மூத்தவள், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவள்.

"வரைபடம் தப்பு. எட்டு வருஷம் முன்னாடி ஏ.சி.யை மாத்தியிருக்காங்க, வரைபடத்தை யாரும் திருத்தல. கீழ்க்கூடத்துக்குத் தனி மெஷின். அங்க எடுத்த சாம்பிள் அத்தனையும் சுத்தம். கதவு மூடறப்ப கூடத்துல நின்னவங்களுக்குக் காத்துல ஒண்ணும் வரல. அவங்கள்ல மேல போனவங்களுக்கு மட்டும்தான்."

"கூடத்துலயே இருந்தவங்க?"

"ஒருத்தருக்கும் இல்ல. காய்ச்சல் வந்தப்புறம்தான் ஆளுக்கு ஆள் தாவும், அதுக்குள்ள பிரிச்சுட்டோம்."

நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். "உனக்கு எப்படித் தெரியும் அன்னைக்கு? யாருக்கும் தெரியாது. மேல இருந்து இறங்கினவங்களும் கூடத்துல கலந்துட்டாங்க. திறந்திருந்தா அவங்களும் ஓடியிருப்பாங்க. மறுபடியும் அதே நிலைமை வந்தா மூடத்தான் வேணும்."

தெரியும். தெரியுதுதான். ஆனா அந்த மனுஷன் அங்கேயே, அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்துலயே கைய கட்டிட்டு நின்னிருந்தா இன்னைக்கு இருப்பாரு. குளத்துல இறங்கியிருப்பாரு. நான் போன் பண்ணலன்னா. வேற யாரையும் கூப்பிட்டிருக்கலாமே. அங்க எத்தனை ஆம்பிளைங்க நின்னாங்க. தெரிஞ்ச ஆள், சொன்னா கேப்பார், மறுக்க மாட்டார் - அதுக்காகத்தானே கூப்பிட்டேன்?

மார்ச் 12, புதன்

தலைவரிடம் போய் உட்கார்ந்தேன். கேட்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

"தங்கச்சி என்ன நினைக்கிறாங்க?"

"நுழையும்போதே ஒட்டிக்கிச்சுன்னு."

"அப்படியே இருக்கட்டும். இது வெளிய போகக் கூடாத விஷயம், அது ஒரு பக்கம். உனக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லது. யாருக்கு என்ன நஷ்டம்?"

நியாயமாகத்தான் பட்டது. வரும் வழியெல்லாம் நியாயமாகத்தான் பட்டது. அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே, அதையே வச்சுக்கங்க என்று. இறந்தவர் பேச்சைக் கேட்டால் என்ன?

மார்ச் 15, சனி

மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் குட்டி உட்கார்ந்திருந்தாளாம், கால் வெளிப்பக்கம். அம்மா துணி எடுக்கப் போனவள் பார்த்திருக்கிறாள். இடுப்பைப் பிடித்து இழுத்திருக்கிறாள். "சும்மா காத்து வாங்கினேம்மா" என்றாளாம்.

நான் வரும்போது அம்மா மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். "அவளை எப்படியாவது காப்பாத்துடி" என்றாள். "ஊரையே காப்பாத்தினியாமே."

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் அவளைப் பின்கட்டில் உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மறுபடி ஆரம்பித்தாள். நான்தான் கூப்பிட்டேன், நான்தான் கூப்பிட்டேன் என்று. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வார்த்தை. என் கை நின்றுவிட்டது.

"நீ கூப்பிட்டதால இல்ல" என்றேன். "உள்ள வந்தப்ப அவருக்கு ஒண்ணும் ஆகல. கூடத்துல காத்து சுத்தம். இப்பதான் தெரிஞ்சுது. அங்கேயே நின்னிருந்தா உயிரோட இருப்பார்."

திரும்பவில்லை. "அப்புறம் எப்படி?"

"மேல போனதால."

"அவராத்தானே போனாரு."

"நான் போகச் சொன்னேன். போன் பண்ணிச் சொன்னேன். உன்கிட்ட மறைச்சுட்டார்."

பின்னல் என் கையில் இருந்தது. அவள் எழுந்தாள். பாதிப் பின்னல் விரல்களிலிருந்து நழுவிப் போயிற்று. என்னைப் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக அவள் கண்ணில் ஏதோ ஒன்று எரிந்தது. கண்ணாடி இல்லாமலே என்னை நன்றாகப் பார்த்தாள்.

"வெளிய விடுன்னு கேட்டேன். நீ மேல அனுப்பினியா?"

"ஆமா."

"அவர் செத்தப்ப நீ வந்து என் கையப் பிடிச்சிட்டு அழுதியே."

"ஆமா குட்டி."

"கூப்பிடாத அப்படி."

அவள் அறைந்திருக்கலாம். காத்திருந்தேன். உள்ளே போய்ப் பையை எடுத்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மாவிடம், "நான் என் வீட்டுக்குப் போறேம்மா, நீயும் வா" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். போம்மா என்று தலையாட்டினேன்.

இப்போது வீட்டில் நான் மட்டும்.

மார்ச் 19, புதன்

அம்மா போனில்: "ரெண்டு நாளா உன்னைத் திட்டிட்டே இருக்கா. வாயில வராத வார்த்தையெல்லாம் வருது." குரலைத் தாழ்த்தி: "இன்னைக்கு ரெண்டு வாய் சாப்பிட்டா."

ஏப்ரல் 7, திங்கள்

குட்டியிடம் சொன்னதற்காக, விதிமீறல் என்று, தலைவர் எனக்கு எச்சரிக்கை கொடுத்தார். அதே நாள் பிற்பகலில் பதக்கமும் கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

குட்டி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாளாம். வேறு கட்டடம். அம்மா சொன்னாள். "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

மே 11, ஞாயிறு

அவளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நான் செய்வதையும் நிறுத்தவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

முட்டி வீங்கியிருக்கிறது, வந்து பார் என்று அம்மா போனில் சொன்னாள். வேண்டுமென்றே கூப்பிடுகிறாள் என்று தெரிந்தும் போனேன்.

மணியடித்தேன். குட்டிதான் திறந்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், நன்றாக இருக்கிறது. உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. வீடு வீடாக இருந்தது.

அவள் முகத்தில் கோபம் தேடினேன். இல்லை. என்னைக் கண்டதும் கதவை நன்றாகத் திறந்து ஓரமாக ஒதுங்கி நின்றாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை வா, போ, ஏய் என்றே கூப்பிட்டவள்.

"வாங்க" என்றாள். "உக்காருங்க. அம்மா உள்ள இருக்காங்க."

உட்கார்ந்தேன்.